துண்டுக்கு அடியில் ஒரு பேச்சு: குரல்வளை இழந்த மாட்டுத் தரகரின் நிகழ்வு ஆய்வு

பொய்கை மாட்டுச் சந்தைக்கு ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போயிருந்தால் இதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் எதிரெதிரே நிற்பார்கள். சேர்ந்த கைகள்மேல் ஒரு துண்டு கிடக்கும். துண்டுக்கு அடியில் ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார், அழுத்துவார், விடுவார். வாயில் மழை, வைக்கோல், பிள்ளைகள் படிப்பு என்று ஏதோ ஓடிக்கொண்டிருக்கும். விலை மட்டும் விரலில் ஓடும். சுற்றி இருபது பேர் நின்றாலும் அந்த மாடு என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பது அந்த இரண்டு பேரோடு நின்றுவிடும்.

இந்த ஆய்வில் வருபவர் அப்படி முப்பது வருஷத்துக்கு மேல் விரல் பிடித்த தரகர். வயது 58. இளவயதிலிருந்தே பீடி. குரல்வளைப் புற்றுநோய் வந்து, குரல்வளையை முழுவதுமாக எடுத்து, அதன்பிறகு கதிர்வீச்சும் கொடுத்திருந்தார்கள். நோய் அடங்கி ஒரு வருஷம் ஆனபின் என்னிடம் வந்தார். நான் வேலூரில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

"சத்தம் வருது டீச்சர்"

குரல்வளையை எடுத்தவர்களுக்குப் பேச மூன்று வழிகள் உண்டு. உணவுக்குழாயில் காற்றை விழுங்கி ஏப்பம்போல் வெளியே விட்டுப் பேசுவது ஒன்று. மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சிறு வால்வு வைத்துப் பேசுவது இன்னொன்று. மூன்றாவது, கழுத்தில் வைத்து அழுத்தினால் அதிரும் கைக்கருவி, எலக்ட்ரோலாரிங்ஸ். இவருக்கு முதலாவது கைவரவில்லை. வால்வைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அது தன்னால் ஆகாது என்று மறுத்துவிட்டார். கைக்கருவிதான் மிச்சம். அதை அவர் "மிஷின்" என்பார்.

முதல் நாள் "என்ன கஷ்டம் ஐயா?" என்று கேட்டேன். குரல் ஒரே மாதிரி இருக்கிறது, பேரப்பிள்ளைகள் பயப்படுகிறார்கள், போனில் ஆளுக்குப் புரியவில்லை என்பதுபோல ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். பலரும் சொல்வது அதுதான். அவர் மிஷினைக் கழுத்தில் வைத்தார்.

"சத்தம் வருது டீச்சர். அதான் கஷ்டம்."

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. சத்தம் வரத்தானே அந்தக் கருவி? அப்புறம் அவர் விளக்க விளக்கப் புரிந்தது. மிஷினில் பேசினால் வண்டு குடைகிற மாதிரி ஓர் இரைச்சல், பத்தடி தூரம் கேட்கும். ஒலியைக் குறைத்தால் சொல் புரியாது. குசுகுசுவென்று பேச முடியாது. குசுகுசுப்புக்கும் நுரையீரல் காற்று வாய் வழியாக வர வேண்டும். இவருக்கு மூச்சு கழுத்தில் இருக்கிற துளை வழியாகவே வந்து போகிறது. குரலோடு சேர்த்துக் குசுகுசுப்பும் போய்விட்டது என்பதை இருபது வருஷமாக இந்த வேலையைச் செய்யும் நான் அவர் சொல்லித்தான் யோசித்தேன். எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் அதற்கு ஒரு கேள்விகூட இல்லை.

விரல் பாஷைதான் இருக்கிறதே என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் எதிரில் நிற்கும் ஆளோடு மட்டும். இப்போது வாங்குகிற பார்ட்டி பாதி நேரம் சந்தையில் இல்லை. சித்தூர்ப் பக்கமோ தருமபுரிப் பக்கமோ வீட்டில் இருந்தபடி வாட்ஸ்அப்பில் மாட்டின் படத்தைப் பார்க்கிறார். முன்பெல்லாம் இவர் நாலடி தள்ளிப் போய், போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "அம்பது வரைக்கும் போலாமா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு வருவார். மிஷினில் அதைக் கேட்டால் மாட்டுக்காரர் காதிலும் விழும். அம்பது என்று தெரிந்தபின் நாற்பத்தைந்துக்கு யார் மாட்டைக் கொடுப்பார்? டைப் செய்யலாம் என்றால், மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும். அதுவும் விடிவதற்கு முன், சாணிக் கையோடு.

மிஷினைப் பிடிக்க ஒரு கை வேறு போய்விடுகிறது. அந்தக் கைதான் துண்டுக்கு அடியில் போக வேண்டிய கை.

கூட வந்திருந்த மனைவி அதுவரை பேசவே இல்லை. கிளம்பும்போது என்னிடம் மட்டும் ஒன்று சொன்னார்: "வெளிச்சத்துல வாய பாத்து புரிஞ்சிக்குவேன் மேடம். ராத்திரி லைட்ட நிறுத்திட்டா எனக்கும் ஒண்ணும் தெரியாது. மிஷினு வெச்சா பக்கத்து ரூம்ல மருமவன் எழுந்துக்கறாரு."

முகத்தில் மிச்சம் இருந்தது

தொல்காப்பியத்தின் பிறப்பியல் எழுத்து பிறக்கும் இடங்களை எட்டாகக் கணக்கிடுகிறது: தலை, மிடறு, நெஞ்சு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம். நோயாளிகளுக்கு நான் இதைச் சொல்லித்தான் விளக்குவேன், உடனே பிடித்துக்கொள்வார்கள். இவருக்கு மிடறு போய்விட்டது. நெஞ்சுக் காற்று வாய்க்கும் மூக்குக்கும் வருவதில்லை. பல், இதழ், நா, அண்ணம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. முப்பது வருஷம் பேரம் பேசிய பழக்கமும் அவற்றில் இருக்கிறது. ஓசை இல்லாமல் வாயை மட்டும் அசைக்கச் சொன்னால் அவர் உதடும் நாக்கும் தாடையும் முழுப் பேச்சைப் பேசுகின்றன.

தசை அசைந்தால் அதில் மிகச் சிறிய மின்சாரம் ஓடும். இ.சி.ஜி.க்கு மார்பில் ஒட்டுவதுபோல் சிறு வில்லைகளை முகத்தில் ஒட்டினால் அதைத் தோல்மேலிருந்தே எடுக்கலாம். வோல்ட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்கிற அளவில் எண்ணத்தக்க மின்சாரம் அது. எந்தச் சொல்லுக்கு எந்தத் தசை எந்த வரிசையில் அசைந்தது என்பதைக் கணினி கற்றுக்கொண்டால், வாய் திறக்காமலே ஆள் சொன்னதை அது தெரிந்துகொள்ளும். ஓசையில்லாப் பேச்சுத் தொழில்நுட்பம் என்று சொல்வது இதைத்தான். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சக் ஜார்கன்சன் 2004-இல் தாடைக்குக் கீழேயும் தொண்டையின் இரு பக்கமும் வில்லை ஒட்டி, ஆறு சொற்களையும் பத்து எண்களையும் 92 சதவீதம் சரியாக அடையாளம் கண்டார். 2018-இல் எம்.ஐ.டி. மீடியா லேபில் அர்ணவ் கபூர் 'ஆல்டர் ஈகோ' என்ற தாடைக் கருவியைக் காட்டினார். அதிலும் சராசரி 92 சதவீதம், பதில் எலும்பு வழியாகக் காதுக்குள் வரும். ஊரெல்லாம் இதைப் பற்றிப் பேசியது அப்போதுதான்.

அந்த இரண்டு 92-ம் சில சொற்களுக்குள் கிடைத்தவை என்பதை முதலிலேயே குடும்பத்துக்குச் சொல்லிவிட்டேன். எந்தச் சொல்லையும் பேசலாம் என்று கதவைத் திறந்தால் நிலைமை வேறு. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் கேடியும் டான் க்ளைனும் 2020-இல் ஏறத்தாழ 20 மணி நேரப் பதிவை வைத்துச் செய்தார்கள். சொல் வட்டம் சின்னதாக இருந்தபோது பிழை 4 சதவீதம். வட்டத்தை எடுத்தபோது 68 சதவீதம். அதாவது மூன்று சொல்லில் இரண்டு தப்பு. அதுவும் ஒரே ஆள், ஆங்கிலம். அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் பிழை நன்றாகவே குறைந்திருக்கிறது. இருந்தாலும் அந்த அளவுக்கான பதிவோ கணினி வசதியோ எங்களிடம் இல்லை.

எனக்கு நம்பிக்கை கொடுத்தது வேறொரு ஆய்வு. 2017-இல் ஜெஃப்ரி மெல்ட்ஸ்னர் குழு குரல்வளை எடுத்த எட்டுப் பேரிடமே இதைச் செய்து பார்த்தது. 2,500 சொல் வட்டத்தில் பிழை 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. அறுவை சிகிச்சையில் கழுத்துத் தசைகள் சில போய்விட்டாலும், முகமும் தாடைக்கு அடியும் போதுமான அளவு பேசுகின்றன என்று அது காட்டியது. இதை வைத்துக்கொண்டுதான் வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பயோமெடிக்கல் கடைசி வருஷம் படிக்கும் இரண்டு மாணவர்களிடம் போனேன். எட்டு வரிசைச் சமிக்ஞையை எடுக்கும் பலகை அவர்கள் ஆய்வகத்தில் இருந்தது. பேட்டரியில் மட்டுமே ஓட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். ஆளின் உடம்பில் ஒட்டியிருக்கும் கருவியைச் சுவர் பிளக்கில் சொருகக் கூடாது. தசைச் சமிக்ஞை விழுகிற அதே அலைவரிசையில்தான் நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் விழுகிறது என்பது இன்னொரு காரணம். முதல் நாள் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் திரையில் இருந்த அலை பாதியாகச் சுருங்கியதை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.

அம்பதும் ஒம்பதும்

நாற்பது சொற்கள் என்று வைத்தோம். எந்த நாற்பது என்பதை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவரே சொல்ல, மகள் நோட்டில் எழுதினாள். எண்கள், பல் கணக்கு, ஈத்து, சினை, கறவை, பால், சுழி, ஜோடி, ஏத்து, எறக்கு, அச்சாரம், முடி, விடு. இவை போதும், இதற்கு மேல் சந்தையில் பேசுவதெல்லாம் நேரப்போக்கு என்றார்.

தமிழ் இதில் ஓரிடத்தில் நமக்குக் கைகொடுக்கிறது. ஓசையில்லாப் பேச்சில் குரல் நாண் அதிர்வு கிடையாது, அதனால் ஆங்கிலத்தில் P, B போல அதிர்வால் மட்டுமே வேறுபடும் ஒலிகள் ஒன்றாகிவிடும். நமக்குப் 'பத்து'வில் வரும் பகரமும் 'அம்பது'வில் வரும் பகரமும் ஒரே எழுத்துதான். எப்படி ஒலிக்க வேண்டும் என்பதை இடமே சொல்லிவிடும். குறில் நெடிலும் பெரிய தொல்லை இல்லை. 'பல்', 'பால்' இரண்டும் பட்டியலில் இருந்தன. நாக்கும் உதடும் ஒரே மாதிரி அசைந்தாலும் அலை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது காட்டிக்கொடுத்துவிடும்.

தொல்லை மூக்கில் இருந்தது. பகரத்துக்கும் மகரத்துக்கும் உதடு ஒரே மாதிரி மூடும். வித்தியாசம் உள்ளே, அண்ணத்தின் பின்பகுதி இறங்குவதில் இருக்கிறது. அது தோல்மேல் ஒட்டிய வில்லைக்கு எட்டாத ஆழம். பணமும் மணமும், பாடும் மாடும் இந்தக் கருவிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் அப்படி முட்டிக்கொள்ளும் ஜோடியில் ஒன்றைத்தான் பட்டியலில் விட்டோம். 'ஏழு' எப்படி வருமோ என்று மாணவர்கள் கவலைப்பட்டார்கள். அவர் வாயில் அது 'ஏயு'. எங்கள் வட ஆற்காட்டுப் பேச்சில் ழகரம் யகரமாவது புதிதல்ல. கருவிக்கு அவர் எப்படிச் சொல்கிறாரோ அதுதான் பாடம், எனவே ஏயு ஏயுவாகவே பதிவானது. பள்ளியில் இதற்கு அடி வாங்கினேன் என்று மிஷினில் சொன்னார். இங்கே அடி இல்லை என்றேன்.

உண்மையான அபாயம் 'அம்பது', 'ஒம்பது'. முதல் எழுத்தில் உதடு குவிகிறதா இல்லையா என்பது ஒன்றுதான் வித்தியாசம். அவசரத்தில் சொன்னால் அதுவும் மங்கிவிடும். ஒம்பதாயிரத்துக்கும் அம்பதாயிரத்துக்கும் உள்ள தூரத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. அதேபோல் 'வேணும்', 'வேணாம்'. ஒன்று மாறினால் பேரமே தலைகீழ். நான் ஒலியியல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அவரே தீர்வைச் சொன்னார். வேணாம் என்பதற்குப் பதில் 'விடு', வேணும் என்பதற்குப் பதில் 'முடி'. ஒன்றில் பல் உதட்டைத் தொடுகிறது, மற்றதில் இரண்டு உதடும் மூடுகின்றன. ஒன்பதுக்கு 'பத்துல ஒண்ணு கொற' என்று நீட்டிச் சொல்லிவிடலாம் என்றார். அந்த நீளமே அதை மற்ற எண்களிலிருந்து பிரித்துவிட்டது.

ஒவ்வொரு சொல்லையும் பல உட்காரல்களில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அவர் சலிக்கவில்லை.

கருவி என்ன குரலில் பேச வேண்டும் என்ற கேள்வி வந்தது. கணினிக் குரல் ஒன்றை மாணவர்கள் தயாராக வைத்திருந்தார்கள். மகள் தன் போனை எடுத்தாள். அறுவை சிகிச்சைக்கு முன் அப்பா அனுப்பிய குரல் செய்திகளை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். சின்னச் சின்னதாக இருநூறுக்குப் பக்கம். "பால்காரனுக்கு நாப்பது ரூவா குடு", "ரெண்டு நாள்ல வரேன்". அந்தக் குரலில் இருந்து எண்களையும் கிடைத்த சொற்களையும் வெட்டி எடுத்தோம். பின்னணியில் பஸ் ஹாரன், ஒன்றில் கோழி. எதையும் சுத்தம் செய்ய வேண்டாம் என்றார்.

முகமூடி

வில்லை ஒரு சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே கணினிக்கு நேற்றுக் கற்ற பாடம் இன்று உதவாது. இந்தத் துறையில் எல்லோரும் முட்டிக்கொள்கிற சுவர் இது. கழுத்தில் ஒட்ட முடியவில்லை, கதிர்வீச்சில் தோல் இறுகி அட்டைபோல் ஆகியிருந்தது. மேலுதட்டில் மீசை. மீசையை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. ஆறு இடங்கள் நின்றன: வாயோரம், கன்னம், முகவாய், தாடைக்கு அடியில் இரண்டு, காதுக்கு முன்னால் தாடை மூட்டில் ஒன்று.

வில்லை ஒட்டும் இடங்களில் பச்சை குத்திவிடுங்கள் என்றார் அவர். அவர் அம்மாவின் கையெல்லாம் பச்சைக் கோலம்தானாம். நாங்கள் தயங்கினோம். அடுத்த வாரம் பரண்மேலிருந்து ஒரு சாமானைக் கொண்டுவந்தார். தலை, கழுத்துப் பகுதிக்குக் கதிர்வீச்சு கொடுக்கும்போது ஆள் அசையாமல் இருக்க முகத்தின்மேல் வெந்நீரில் இளக்கி அச்செடுக்கும் வலை போன்ற பிளாஸ்டிக் மூடி. சிகிச்சை முடிந்ததும் கேட்டு வாங்கி வைத்திருந்திருக்கிறார். அதன் கீழ்ப்பாதியை அறுத்து, ஆறு இடத்தில் துளை பெரிதாக்கினோம். காலையில் அதை முகத்தில் வைத்து, துளை வழியாக ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து, மூடியை எடுத்துவிட்டுப் புள்ளியில் வில்லை ஒட்டுவது மனைவியின் வேலை. சிகிச்சை நாட்களில் அந்த மூடிக்குள் மூச்சு முட்டியதை அவர் மறக்கவில்லை. இப்போது அதைக் கையில் எடுக்கும்போது முகம் சுளிக்காமல் இருக்கிறாரா என்று நான் ஒவ்வொரு முறையும் பார்ப்பேன். உடம்பு இளைத்ததால் கன்னத்தில் கொஞ்சம் தளர்வு. பஞ்சு வைத்துச் சரி செய்தோம்.

திண்ணையில் நடந்தது

இந்த ஆய்வை எழுத நினைத்ததே இந்தப் பகுதிக்காகத்தான்.

சந்தைக்குப் போகும் முன் வீட்டுத் திண்ணையில் ஒத்திகை பார்த்தோம். மருமகனிடம் ஒரு கறவை மாடு இருந்தது, நிஜமாகவே விற்கும் யோசனையில் இருந்தார். அவரையே மாட்டுக்காரராக உட்காரவைத்தோம். கருவி அடையாளம் காணும் சொல் லேப்டாப் திரையில் பெரிய எழுத்தில் வரும்படி மாணவர்கள் வைத்திருந்தார்கள். எங்களுக்குச் சரிபார்க்க வசதி என்பதற்காக. நானும் அதைத் தவறாக நினைக்கவில்லை.

பேரம் ஆரம்பித்தது. மருமகன் ஒரு விலை சொன்னார். பெரியவர் வாயை மூடிக்கொண்டு மாட்டையே பார்த்தார். திரையில் 'நாப்பது' என்று வந்தது. ஒரு நொடி கழித்து 'ரெண்டு'.

"மாமா, நாப்பத்தி ரெண்டு வரைக்கும் போவீங்களா?" என்று மருமகன் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

பெரியவர் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வில்லையாக அவரே பிய்த்துத் தட்டில் வைத்தார். மிஷினை எடுத்தார். "வாய மூடிக்கினு கணக்கு போட்டேன் டீச்சர். அத்தையும் புடிச்சிக்கிச்சி."

மனசுக்குள் கணக்குப் போடும்போதும், எழுத்துக்கூட்டிப் படிக்கும்போதும் பலருக்கு நாக்கும் உதடும் லேசாக அசையும். 1930-களிலேயே எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் பேசுவதாகக் கற்பனை செய்யும்போது நாக்கு, உதட்டுத் தசைகளில் மின்சாரம் ஓடுவதை அளந்து காட்டியிருக்கிறார். இந்தக் கருவி எண்ணத்தைப் படிக்காது, தசை அசைந்தால்தான் உண்டு என்று நான் குடும்பத்துக்கு உறுதி சொல்லியிருந்தேன். அந்த வாக்கியம் சரிதான். ஆனால் முணுமுணுத்துக் கணக்குப் போடும் மனிதருக்கு அது போதாது. அதை அன்று அவர் முகத்தில் பார்த்தேன். மூளைக்குள் கருவி பதிக்கும் ஆய்விலும் இதே கேள்வி வந்திருக்கிறது. 2025-இல் ஸ்டான்ஃபோர்டு குழு உள்ளுக்குள் பேசும் பேச்சைப் படித்தபோது, குறிப்பிட்ட ஒரு கடவுச்சொல்லை மனசில் சொன்னால் மட்டுமே படிப்பது தொடங்கும்படி ஒரு பூட்டு வைத்துப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தோன்றியது எங்களுக்கு முன்கூட்டியே தோன்றியிருக்க வேண்டும். ரகசியம் கேட்டு வந்தவரிடம் முதலில் செய்ய வேண்டிய வேலையை நாங்கள் கடைசிக்குத் தள்ளியிருந்தோம்.

இரண்டு வாரம் அவர் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். "உங்க தப்பு இல்ல" என்று உதட்டசைவில் சொன்னார். எங்கள் தப்புதான்.

அதன்பின் அவர் போட்ட நிபந்தனைகள்தான் கருவியின் வடிவம் ஆனது. திரை கூடாது. அவர் அனுமதிக்காமல் அது கேட்கவே கூடாது. பிடித்த சொல் முதலில் அவர் காதுக்கு வர வேண்டும், அவர் சரி என்றால்தான் வெளியே போக வேண்டும். பதிவு யாரிடமும் இருக்கக் கூடாது.

அனுமதிக்கு என்ன அடையாளம்? கடைவாய்ப் பல்லை இரண்டு முறை கடித்தால் திறக்கும் என்று மாணவர்கள் வைத்தார்கள். தாடைத் தசையின் அலை பெரிது, பிழையே வராது. ஆனால் விலை படியாதபோது பல்லைக் கடிப்பது அவருக்குப் பழக்கம், கருவி தானே திறந்துகொண்டது. கை இரண்டும் வேலையாக இருக்கும். மிச்சம் கால். செல்ஃபி எடுக்கும் சின்ன ப்ளூடூத் பொத்தான் ஒன்றை, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, வலது செருப்பில் கட்டைவிரலுக்கு அடியில் தோலுக்குள் வைத்துத் தைத்து வாங்கினோம். சாணி ஈரம் இறங்காமல் சைக்கிள் டியூப் துண்டு சுற்றினோம். விரலை அழுத்திக்கொண்டிருக்கும்போது மட்டும் கருவி கேட்கும். எடுத்தால் காதில் அவருடைய பழைய குரல் அந்தச் சொல்லைச் சொல்லும். மறுபடி இரண்டு தட்டு தட்டினால் பார்ட்டிக்குக் குரல் செய்தியாகப் போகும். தட்டாவிட்டால் அழிந்துவிடும்.

பயிற்சிப் பதிவுகள் இருந்த மெமரி கார்டு அவருடைய பச்சை பெல்ட்டில், பணம் வைக்கும் பையில் இருக்கிறது. மாணவர்களின் கணினியில் இருந்த நகலை அவர் கண் முன்னால் அழித்தோம். கல்லூரி அறிக்கைக்கு வேண்டும் என்று மாணவர்களுக்கு வருத்தம் இருந்தது, எனக்குப் புரிகிறது. தனிநபர் தரவைச் சம்மதம் கேட்டுத்தான் கையாள வேண்டும் என்று 2023-இல் நம் நாட்டில் சட்டமும் வந்திருக்கிறது. அவர் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அவர் கேட்டது அதைவிடக் கறாரானது.

சந்தையில்

முதல் செவ்வாய் தோல்வி. கூட்டத்தில் வேர்த்து, தாடைக்கு அடியில் ஒட்டிய இரண்டு வில்லைகளும் ஒன்றோடொன்று ஈரத்தால் சேர்ந்துவிட்டன. கத்திரி வெயில் ஆரம்பித்த சமயம். எட்டு மணிக்கு மேல் கருவி எதைக் கேட்டாலும் 'ஜோடி' என்றது. அடுத்த வாரம் வில்லையைச் சுற்றி மருத்துவ டேப் ஒட்டி, வெயில் ஏறுமுன் முடித்துக்கொள்வது என்று வைத்தோம்.

மூன்றாவது செவ்வாய் நான் நாலடி தள்ளி நின்றேன். தெருவிளக்கு வெளிச்சம், மாட்டுக் கழுத்து மணி, டீக்கடைப் பாட்டு. அவர் ஒரு செவலைப் பசுவின் வாயைப் பிளந்து பல் பார்த்தார், மடியைத் தடவினார், நிமிர்ந்தார். எதிரில் மாட்டுக்காரர். துண்டுக்கு அடியில் கை. அவர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை, மூடிய உதட்டுக்குள் ஏதோ மெல்வதுபோல மட்டும். வலது கட்டைவிரல் செருப்பில் ஒருமுறை அழுந்தியதை நான் தெரிந்ததால் பார்த்தேன். காதில் ஏதோ கேட்டிருக்க வேண்டும், தலையை லேசாக ஆட்டிவிட்டு விட்டுவிட்டார். மறுபடி அழுத்தினார். இந்தமுறை இரண்டு தட்டு. கொஞ்ச நேரத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. துண்டுக்கு அடியில் கை இறுகியது. பேரம் முடிந்தது. மாட்டுக்காரர் கடைசிவரை அவர் யாரிடமாவது பேசினாரா என்றே அறியவில்லை.

முதலில் என்ன விட்டீர்கள் என்று பிறகு கேட்டேன். நோட்டில் எழுதிக் காட்டினார்: '38 சொன்னேன். 30 ஜோடின்னுது.'

இப்போதைய நிலை இதுதான். வீட்டில், காலையில், பத்துச் சொல்லுக்கு ஒன்பது சரியாக வருகிறது. சந்தையில் ஆறு, ஏழு. காதில் கேட்டுத் தவறை நிறுத்த முடிவதால் தவறான விலை ஒன்றும் இதுவரை வெளியே போகவில்லை. வில்லை ஒட்ட அரை மணி நேரம் ஆகிறது, கன்னத்தில் பசை அரிப்பு வருகிறது, வாரம் ஒருநாள் தவிர மற்ற நாட்களில் அவர் மிஷினைத்தான் பயன்படுத்துகிறார். முழு வாக்கியம் பேச முடியாது. யாரோடாவது சண்டை போட வேண்டுமென்றால் மிஷின்தான் நல்லது என்கிறார், அது உண்மை. எங்கள் மதிப்பீட்டுப் படிவத்தில் நான் ஒரு கேள்வி சேர்த்திருக்கிறேன்: 'யாரிடமாவது தனியாகச் சொல்ல முடியாமல் போன விஷயம் உண்டா?' அதைக் கேட்ட பிறகு வந்த நோயாளிகளில், கொஞ்ச நேரம் பேசாமல் உட்காராதவர் ஒருவரும் இல்லை.

போன மாதம் அவர் மனைவியோடு வந்தார். பட்டியலில் இன்னொரு சொல் சேர்க்க வேண்டும் என்றார். என்ன சொல் என்று நோட்டை நீட்டினேன். எழுதவில்லை. 'பதிவு எப்படிச் செய்வது என்று எனக்குக் காட்டிவிட்டு நீங்கள் வெளியே இருங்கள்' என்று சைகை காட்டினார். மாணவர்கள் கருவியைத் தயாராக வைத்துக் கொடுத்தார்கள். நாங்கள் வராந்தாவில் நின்றோம். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. காலால் அழுத்தும் பொத்தானின் 'டிக்' சத்தம் மட்டும் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. இடையில் ஒருமுறை அந்த அம்மா எதையோ போனில் பதிவு செய்வதுபோல் குரல் கேட்டது, சொல் பிரியவில்லை.

கருவியில் இப்போது நாற்பத்தொரு சொற்கள். நாற்பத்தொன்றுக்கு நேராக நோட்டில் ஒரு கோடு மட்டும் போட்டிருக்கிறோம்.